பெட்டிப் பலகையில் ஒரு யுகுலேலே

நேற்று எங்கள் வேளச்சேரி வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து கனத்த தையல் எந்திரம் ஒன்று வந்தது. அது வந்த மரப்பெட்டியை உடைத்ததும் பைன் மர வாசனை கூடமெங்கும் பரவிவிட்டது. உடனே உன் ஞாபகம்தான். நீ இறந்து இரண்டு வருடமாகப் போகிறது. ஆனாலும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைநாளில், லஸ் முனையில் மொபெட்டோடு விழுந்தாய். முறிந்த கை எலும்பு கூடியது; இடதுகையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. சாந்தோம் பக்கம் உங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பள்ளி நாளிலிருந்து கிடார் வாசித்தவள் நீ. இனி அது முடியாது என்றானதும், பாடவாவது வரச் சொன்னார்கள். "நான் பாடினா ஃபாதர் மாத்தல் கேட்டுப் போயிடுவாருடி" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அதன்பிறகு நீ பூசைக்கே போவதில்லை என்று உன் அம்மா என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

கப்பலில் வேலை செய்த உன் மாமா மகன் அப்போதுதான் மலிவான யுகுலேலே ஒன்றை வாங்கி வந்தான். குட்டிக் கிடார் போல இருந்தது. நாலே கம்பி, அதுவும் நைலான். மடங்கும் விரல்களே இதற்குப் போதும் என்று கண்டுபிடித்த அன்று, மந்தைவெளியில் எங்கள் அத்தாவின் மரக்கடைக்கு ஓடி வந்தாய். முகமெல்லாம் பல். சத்தம்தான் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல வந்தது. பாடகர் குழுத் தலைவர் இது பொம்மை என்று சொல்லிவிட்டாராம்.

மரக்கடையில் வளர்ந்தவள் என்கிற கர்வத்தில் தட்டிப் பார்த்தேன். மேல்பலகை வெறும் ப்ளைவுட். மெல்லிய மரத்தகடுகளைக் கோந்தால் ஒட்டி, மேலே தடிமனாகச் சாயம் பூசியிருந்தார்கள். கம்பி எவ்வளவு துடித்தாலும் பலகையும் துடிக்க வேண்டுமே. "தேக்கு போட்டுத் தரேன், பாரு" என்றேன். கடையிலேயே நல்ல தேக்கை எடுத்து நானே இழைத்து ஒட்டினேன். பார்க்க அரண்மனைச் சாமான் மாதிரி இருந்தது. நீ மீட்டினாய். முன்பு இருந்த சத்தமும் போயிருந்தது.

"இன்னாடி, உள்ள கம்பளி போத்தி வச்சிட்டியா?" என்று கேட்டாய். இருவரும் மரத்தூளில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மேசைக்கு வேண்டுமானால் கனம் நல்லது. இதற்கு எடை குறைந்த, ஆனால் விறைப்பான மரம் வேண்டும். புதிய அறுப்பு எந்திரம் வந்திறங்கிய பைன் மரப் பெட்டி கடைக்குப் பின்னால் கிடந்தது. கணுவில்லாமல், ரேகை நேராக ஓடும் பலகையாகப் பார்த்து நீதான் எடுத்துக் கொடுத்தாய். அழுத்தினால் லேசாக வளையும்வரை இழைத்தேன். 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டும் அம்புக்குறியின் மை மரத்தில் ஊறிப்போய் அரைகுறையாக நின்றது. அதை அழிக்கவே கூடாது என்றாய்.

முதுகும் பக்கங்களும் அதே பழைய ப்ளைவுட்தான். மேல்பலகை மட்டும்தான் மாறியிருந்தது. அதற்கே, நீ முதல் தடவை மீட்டியதும் தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அத்தா செய்தித்தாளை இறக்கிவிட்டு, "நம்ம பெட்டிப் பலகையா இது?" என்றார்.

புதுச் சத்தத்தைக் கேட்ட தலைவர், ஒரு நாள் வாசித்துப் பார்க்கச் சொன்னாராம். டிசம்பரில் அந்தக் காலைப் பூசைக்கு என்னையும் அழைத்துப் போனாய். கடைசி பெஞ்சில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆர்கன் முழங்கியபோது உன் சத்தம் கேட்கவே இல்லை. அடுத்துக் குழந்தை இயேசுவுக்கான தாலாட்டு. தலைவர் ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். அது அடங்கியது. உன் நாலு கம்பிகள் மட்டும் கடைசி பெஞ்சுவரை தெளிவாக வந்தன. முன்வரிசையிலிருந்து உன் அம்மா திரும்பி என்னைத் தேடினார்.

பூசை முடிந்ததும் தலைவர் உன்னிடம் வந்தார். "அடுத்த வாரம் சீக்கிரமா வந்துடும்மா. இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு."

அதற்குப் பிறகு வெகுகாலம் நீ அங்கே வாசித்தாய்.

இப்போதெல்லாம் எந்த மேடைமுன் உட்கார்ந்தாலும் என் காது பெரிய வாத்தியங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஓரமாகச் சன்னமாக வாசிக்கும் யாரோ ஒருவரைத் தேடிப் பிடித்து, கச்சேரி முழுக்க அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். முடிந்ததும் அவருக்காகத்தான் கை தட்டுகிறேன், கொஞ்சம் பலமாகவே.