தேய்த்ததில் போன கறுப்பு

செவ்வாய், இரவு

சாயப்பட்டறைக்காரர் வீட்டில் அம்மாவை அநியாயமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதலைமேல் நிற்கும் கங்கையம்மன் பித்தளைச் சிலை ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார்கள். கறுத்துக் கிடந்ததைப் பார்த்து அம்மா புளி போட்டுப் பளபளவென்று துலக்கியிருக்கிறாள். அந்தக் கறுப்பு, பழைய சிலை மாதிரி தெரியக் கடையில் ஏற்றியதாம்.

“அழுக்குன்னு நெனச்சுத் தேச்சுப்போட்டேனுங்க,” என்று அம்மா கெஞ்சினாளாம்.

“அந்தக் கறுப்புத்தான் அழகே அம்மணி. உனக்கெங்க தெரியப்போகுது?” என்றாளாம் வீட்டுக்காரி.

நொய்யல் ஆறும் இவர்கள் பட்டறைத் தண்ணீரில் கறுத்துத்தான் ஓடுகிறது. அதுவும் அழகுபோல.

எனக்கு வேலை இல்லை. அம்மாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. சாயங்காலம் போய் அவர்கள் கதவைத் தட்டினேன்.

“அம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கங்க,” என்று மூடிய கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன்.

உள்ளே டிவி சத்தம்தான் கூடியது.