மணிக்கட்டுப் பட்டை

ஏங்க, நான் தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். நேத்துப் போட்ட சண்டை தீராததால எழுப்பல. சூப் ஃபிளாஸ்க்ல இருக்கு, மூடியைத் தளர்த்தி வெச்சிருக்கேன்.

பதினோரு மணிக்கு உங்க பிசியோ மகாராணி வருவாங்க. சாவி மேல்வீட்டுல கொடுத்திருக்கேன். உங்களுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசமா ஊட்டி விடறவ நான். என் முன்னாடி ஸ்பூனை எடுத்தா கை அந்த ஆட்டம் ஆடுது. அவங்க முன்னாடி மட்டும் அரை டம்ளர் தண்ணியை ஒரு சொட்டு சிந்தாம குடிக்கிறீங்க! கதவிடுக்குல பார்த்த எனக்கு வயிறு எரியாதா? அதான் கத்தினேன். சமாதானம் பண்ண என் கன்னத்துக்கு வந்த கை நடுங்கினதும், ‘எனக்குன்னா மட்டும் நடுங்குதா’ன்னு தட்டி விட்டேன்.

அவங்க உங்க மணிக்கட்டுல கட்டற கனமான பட்டையை என் பைக்குள்ள போட்டுட்டேன். இன்னிக்கு அது இல்லாம மகாராணி திறமையைக் காட்டட்டும்.

பி.கு.: மனசு கேக்காம இப்பதான் அவங்களுக்குப் போன் போட்டேன். நடுக்கத்தை அடக்கறது அந்தப் பட்டையோட கனம்தானாம். சும்மா இருக்கிற கை நடுங்காதாம். தொட வேண்டியதை நெருங்க நெருங்கத்தான் நடுக்கம் கூடுமாம். இதையும் அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

பட்டையை மேசை மேல வெச்சுட்டேன். அவங்க முன்னாடி கட்டிக்குங்க. என் கன்னத்துக்கு வரும்போது கட்டாதீங்க.