கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் கல்

அன்புள்ள அப்பா,

உங்களைக் கடல் கொல்லவில்லை. படகு முதலாளி கொன்றார். அன்று உங்கள் கயிற்றைப் பிடிக்கும் மாமாவுக்குக் காய்ச்சல். "கயிறு பிடிக்க வேற கையா கிடையாது?" என்று யாரோ ஒருவனை மாமாவின் இடத்தில் உட்காரவைத்து உங்களைச் சங்கு குளிக்க இறக்கினார். நீங்கள் கீழிருந்து கயிற்றை அசைத்திருப்பீர்கள். அவனுக்குப் புரியவில்லை. இழுத்தபோது நேரமாகிவிட்டது.

பெண்டாட்டியின் தம்பிதான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது ஏன் என்று நம் கடற்கரையில் யாரும் கேட்பதில்லை. கை அசந்தால் தாலியறுப்பது அவன் அக்காள். இது முதலாளிக்குத் தெரியாதா?

நான் இப்போது பட்டணத்தில், படக்கம்பெனி ஒன்றில் காமிரா உதவியாள். உலகச் சண்டை முடிந்து பிலிம் கிடைக்கத் தொடங்கியதும், இங்கே ஒரு மியூசியத்துக்கு விளம்பரப் படம் எடுக்கும் வேலை வந்தது. கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடுகிற சின்னப் படம். விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் காலை மாட்டி இறங்கிய கல், கயிற்றோடு இருந்தது. நீங்கள் கொத்திய சிலுவை அழியவில்லை. படகிலேயே கிடந்ததை முதலாளி கொடுத்திருக்கிறார். கீழே சீட்டில், 'முத்துக் குளிப்போர் கல்' என்றும் அன்பளிப்பு என்று அவர் பெயரும். உங்கள் பெயர் இல்லை. ஆயுள் முழுக்கச் சங்குதான் பொறுக்கினீர்கள். முத்தைக் கையிலாவது வைத்துப் பார்த்தீர்களா, அப்பா?

குளிக்கிற காட்சிக்கு நம் ஊருக்கே வந்தோம். இறங்க ஒத்துக்கொண்டவன் சவேரி. அவன் மச்சினனுக்கு அம்மைத் தழும்பு முகம் என்று டைரக்டர் ஒரு நாடகக்காரனிடம் கயிற்றைக் கொடுத்தார்.

"மச்சினன் பிடிச்சாத்தான் முங்குவேன்" என்றான் சவேரி.

"ரெண்டு நிமிஷ வேலைப்பா."

"சாவுறதுக்கு அவ்வளவு நேரம் எதுக்கு, அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். ஆனால் ஆளை மாற்றவில்லை. கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில் சவேரியைக் குனியவைத்துப் படம் எடுத்தோம். நாடகக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மியூசியம் அதிகாரியிடம் கேட்டேன். "படத்தைப் பார்த்துட்டு ஜனங்க இங்கே வரணும் தம்பி. சாவுச் செய்தி எதுக்கு?" என்றார்.

போன வாரம் நம் ஊர்க் கொட்டகையில் மாலைக் காட்சி. முதலாளி முன்னால் நாற்காலியில், கல் கொடுத்ததற்குப் போட்ட மாலையோடு. அம்மா வரவில்லை. மாமாவும் நானும் மணலில் உட்கார்ந்திருந்தோம். திரையில் உங்கள் கல் வந்தது. கடலுக்கு அஞ்சாத மைந்தர்கள் என்று ஒரு குரல் சொன்னது. நாடகக்காரனின் சிரிப்பு வந்ததும் மாமா எழுந்துவிட்டார். அவர் நிழல் திரையில் விழுந்தது.

"அன்னைக்கு எங் கயித்த எவன் கையில குடுத்தீரு? பேரச் சொல்லும்!"

"ஏலே, உக்காருலே, மறைக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலாளி மாலையைச் சரிசெய்துகொண்டார். பெரிய படம் தொடங்கிவிட்டது.

மாமாவின் கேள்வியை நான் விடமாட்டேன், அப்பா. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். முதலாளி படிப்பார், அதிகாரியும் படிப்பார். நேரில் கேட்டபோது காது கொடுக்காத அவர்களுக்கு இன்னொரு முறை சொல்கிறேன்: அந்தச் சீட்டைக் கிழியுங்கள். இந்தக் கல்லோடு இறங்கிய சூசை, மச்சினன் பிடிக்காத கயிற்றில் செத்தார் என்று எழுதுங்கள்.

சூசை மகன்,
அன்றுவரை கயிறு பிடித்தவரின் மருமகன்