கெட்டவர் இல்லாத புத்தகம்

அன்பு மகள் பாப்பாவுக்கு, உன் அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி, இருமல் என்று எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போன வாரம் போனில் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் நீ அந்தப் பக்கம் அழுவாய், நான் இந்தப் பக்கம் சரி விடு என்பேன், விஷயம் அந்தரத்தில் தொங்கும். எழுத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதுதான் கடிதம். கூடவே புத்தகமும் வருகிறது. முதலில் கடிதத்தைப் படி.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சினிமா கதாநாயகன் மாதிரி நடக்கிறான். இத்தனை வருஷம் கழித்து என் முகம் இவருக்குத் தெளிவாகத் தெரியப்போகிறதே என்று மாமிதான் பயந்துபோயிருக்கிறாள். அப்பாவின் டிரைவிங் ஸ்கூலைக் கூட்டாளியே எடுத்து நடத்துகிறார், பலகையில் அப்பா பெயரை அழிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. தெருவில் அந்தக் கார் போனால் கற்றுக்கொடுக்கிறவரின் இடது பக்க சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் கண் தானாகப் போகிறது. மற்றபடி வீட்டில் குழாய், விளக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நீ கவலைப்படுகிற மாதிரி நான் சமைக்காமல் பிஸ்கட்டில் காலம் தள்ளவில்லை. என்றைக்காவது ஒருநாள் தள்ளினால் அது என் இஷ்டம்.

இப்போது உன் முதல் கேள்வி. அவ்வளவு பெரிய கம்பெனி தேடி வந்து அப்பாவைப் பற்றிய புத்தகத்தைக் கேட்டதே, ஏன்மா வேண்டாம்னு சொன்னே என்றாய். நான் என்ன, பெரிய இடம் தேடி வந்தால் வேண்டாம் என்கிற ஆளா? எத்தனை வருஷமாக என் புத்தகங்கள் கடைகளில் கீழ்த்தட்டிலேயே கிடக்கின்றன. என் வாசகர்கள் எல்லாரும் முதுகு நன்றாக வளையக்கூடியவர்கள் என்று அப்பாகூடக் கிண்டல் செய்வாரே. கண் மட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. என் புத்தகங்களை எப்போதும் போடுகிற மாடிப் பதிப்பகத்துத் தம்பியிடம் கம்பெனி கேட்டதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் கோணவில்லை. “போங்கக்கா. இந்தப் புத்தகம் நிறைய பேர் கைக்குப் போகணும். என் படிக்கட்டு ஏறி வர்றவங்க எத்தனை பேரு?” என்றார். அந்தத் தம்பியை உனக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து போனவர் என்று மட்டும்தான் தெரியும். அவர் பழம் வாங்கி வரமாட்டார், ஆறுதல் சொல்லமாட்டார். வேறு யாரோ எழுதிய புத்தகத்தின் அச்சுத் தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, பிழை திருத்திக் கொடுங்கக்கா, அவசரம் என்பார். பிறகுதான் தெரிந்தது, ஒன்றும் அவசரமில்லையாம். கண்ணுக்கு வேலை இருந்தா மனசு கண்ட இடத்துக்கும் ஓடாது என்பது அவர் கணக்கு. அவர் மனைவி இறந்த பிறகு அவர் அப்படித்தான் நாளைக் கடத்தியிருக்கிறார். அதை அவர் வாயால் என்னிடம் சொன்னதில்லை, பதிப்பகத்துக்குக் கீழே இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னது.

சரி, பெரிய கம்பெனிக்குப் போனேன். எல்லாம் கண்ணாடிச் சுவர், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பல் கிட்டும் அளவுக்குக் குளிர். அங்கே பதிப்பாசிரியர் அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். பொய் சொல்லக்கூடாது, முழுப் புத்தகத்தையும் படித்திருந்தார், இரண்டு இடத்தில் அழுதேன் என்றும் சொன்னார். அப்புறம், “மேடம், ஒண்ணே ஒண்ணு. படிக்கிறவங்க யார் மேலதான் கோவப்படறது? எல்லாருமே நல்லவங்களா இருக்காங்களே. ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூடவா உங்களைக் கஷ்டப்படுத்தல?” என்று கேட்டார். அப்பா போன அன்றைக்கு நீ ஏர்போர்ட்டிலிருந்து நேரே ஓடிவந்ததையும், வார்டுக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு நர்ஸ் உன்னை வெளியே நிறுத்தியதையும், நீ கதவைத் தட்டித் தட்டிக் கத்தியதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அதுதான் மேடம் முதல் அத்தியாயம்! அந்த நர்ஸைப் புத்தகம் பூரா கொண்டு வாங்க” என்றார். நீயும் போனில் அதைத்தானே சொன்னாய், அவ செஞ்சதை எழுதினா என்ன தப்பு, நடந்ததுதானே என்று.

நடந்ததுதான். ஆனால் புத்தகம் பூரா வரவேண்டிய அந்த நர்ஸ் யார் தெரியுமா? அப்பா இடி சிஸ்டர் என்று பெயர் வைத்தாரே, அவரேதான். இடி இடிக்கும், மழை வராது என்பார் அப்பா. பார்வை நேரம் முடிந்ததும், எல்லாரும் வெளிய போங்க, இது என்ன கல்யாண மண்டபமா என்று வார்டே அதிரக் கத்துவார். கத்திக்கொண்டே ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தி அப்பா கட்டிலின் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவார். அது எனக்கு. ஒருநாள்கூட என் முகத்தைப் பார்த்து, இருங்க என்று சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் உன்னை ஏன் நிறுத்தினார்? நான் மேசையில் உட்கார்ந்து அந்த முதல் அத்தியாயத்தை எழுதித்தான் பார்த்தேன். வேகமாக வந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் எதையாவது சாமர்த்தியமாக எழுதினால் அப்பா, ரிவர்ஸ் கியரைப் போட்டுட்டு முன்னாடி பாக்குறே என்பாரே, அந்த மாதிரி இருந்தது. கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. அந்த நேரம் நான் மாமாவோடு கீழே ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத ஒன்றை வைத்து ஒரு மனுஷியின் தலையில் கல்லைப் போடலாமா? மறுநாள் கிளம்பி ஆஸ்பத்திரிக்கே போனேன்.

வாசலில் கால் வைத்ததுமே அந்த மருந்து வாடை, அப்படியே இருக்கிறது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். வந்தது வந்தாயிற்று என்று படி ஏறினேன். சிஸ்டரைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஓர் இளம் அப்பாவை, கையைக் கழுவாம புள்ளையத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது என்று விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஜன்னலோரக் கட்டில்காரர் வீட்டம்மாதானே? உடம்புக்கு என்ன?” என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒன்று கேட்கவேண்டும் என்றேன். துவைத்த விரிப்புகளை மடிக்கிற அறைக்கு அழைத்துப்போனார். நான் கேட்டு முடிக்கிறவரை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “அவர் ரெண்டு நாளா எம்பொண்ணு வர்றா, எம்பொண்ணு வர்றான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். விடிகாலைல போயிட்டார். மூக்குல குழாய், கை பூரா பிளாஸ்திரி, முகம் நிறைய தாடி. அந்தப் பொண்ணு அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து இந்தக் கோலத்தையா பாக்கணும்? அதான் கதவைச் சாத்திட்டேன். குழாயெல்லாம் எடுத்து, துடைச்சு, ஷேவ் பண்ணி, விரிப்பு மாத்தினேன். மீசையை மட்டும் தொடல, அது மேல அவருக்கு எவ்வளவு பெருமைன்னு தெரியும். கூட ஆள் இல்ல, ஒருத்தியா செஞ்சா நேரம் ஆகத்தானே செய்யும்?”

அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர் என்று கேட்டேன். “என்னன்னு சொல்றது? உங்கப்பாவுக்கு ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கேன், இரும்மான்னா? திட்டினா திட்டட்டும்னு விட்டுட்டேன். திட்டிக்கிட்டே இருக்கறவங்க நிப்பாங்கம்மா. அழ ஆரம்பிச்சாத்தான் விழுந்துடுவாங்க” என்றார். நீ உள்ளே போனதும் அப்பா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னம்மா இவ்வளவு பளிச்சுனு இருக்கார், தூங்கற மாதிரியே இருக்கார் என்று என்னிடம் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் இருவருமே அதை அப்பாவின் முகக்களை என்று நினைத்துக்கொண்டோம். இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதிக்கோங்க. பேரு வேணாம். நான் சிரிச்சேன்னு மட்டும் எழுதித் தொலைச்சுடாதீங்க, அப்புறம் வார்டுல எவனும் கையைக் கழுவ மாட்டான்” என்று சொல்லிவிட்டு, மடித்த விரிப்புகளை என் கையில் கொடுத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். வார்டு வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து கம்பெனி அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் அத்தியாயம் கிடையாது, அந்த நர்ஸ் நல்லவர், எழுதியது எழுதியபடிதான் வரும் என்றேன். அவர், எனக்குப் புரியுது மேடம், மேலே இருக்கறவங்களுக்குப் புரியவைக்க என்னால முடியாது என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவரையும் ஒரு வில்லியாக்கி நீ மாப்பிள்ளையிடம் கதை சொல்லாதே, அவரவர்க்கு அவரவர் பிழைப்பு. அன்றைக்கே மாடிப் பதிப்பகத்துப் படியேறினேன், முழங்கால் முறைத்ததைப் பொருட்படுத்தவில்லை. தம்பி நிமிர்ந்து பார்த்து, அக்கா, நம்மகிட்ட வந்தா மறுபடியும் கீழ்த்தட்டுதான் என்றார். குனியறவங்க குனியட்டும், நான் குனிய வேண்டியதில்லையே என்றேன். அவர் தன் மேசையில் தாள்களை ஒதுக்கி எனக்கு இடம் செய்தார். கதவுக்கு உள்ளே நடந்ததைக் கடைசி அத்தியாயமாக எழுதிச் சேர்த்தேன். அட்டை, தையல், ஒட்டு எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது, தடவிப் பார்.

வெளியீட்டு விழா எங்கே தெரியுமா? கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில். மண்டபத்துக்கு வழியில்லை என்று தெரிந்ததும் கடைக்காரரே, சாயங்காலம் இங்க வெச்சுக்கோங்க, நாற்காலி இருக்கு, விளக்கு இருக்கு என்றார். எனக்குப் பின்னால் சுவரில் கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகள் பெரிசும் சிறிசுமாகத் தொங்க, நான் படித்தேன். மாமா முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து தூங்கினானா கேட்டானா என்று அவனுக்கே வெளிச்சம். சிஸ்டருக்கு டூட்டி, வரவில்லை. கண்ணாடி வாங்க வந்த ஒருவர், புதுக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று பார்க்கவே ஒரு பிரதி வாங்கிப் போனார். சில நாள் கழித்து அவர் போன் செய்து, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஆரம்பத்துலயே ஒரு எழுத்துப் பிழை இருக்கு என்றார். தம்பியை மனதுக்குள் வைதுகொண்டேன். அப்புறம், “பாதி படிச்சிருக்கேம்மா. மீதியை மூடி வெச்சிருக்கேன். என் வீட்டுக்காரி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா, அவ வீட்டுக்கு வந்ததும் படிக்கிறேன்” என்றார். மூடியே வையுங்கள், அவங்க வரட்டும், அவசரமே இல்லை என்றேன். எழுதுகிறவள் தன் புத்தகத்தை, ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது யாரும் படிக்க நேராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். விற்பனை எப்படி என்று மாப்பிள்ளை கேட்பார். மெதுவாகப் போகிறது, நின்றுபோகவில்லை என்று சொல்.

உன் இரண்டாவது கேள்வி, வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடேன் என்பது. மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நான் இப்போது வேலைக்குப் போகிறேன், சிரிக்காதே. தம்பியின் பதிப்பகத்துக்கு வருகிற கைப்பிரதிகளை நான்தான் படிக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவற்றுக்கும் கூடவே ஒரு கடிதம் எழுதுகிறேன், எது நன்றாக இருந்தது, எங்கே சறுக்கியது என்று. எனக்கு என் காலத்தில் அச்சடித்த துண்டுச் சீட்டுதான் வரும், அதைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். இதெல்லாம் எதுக்குக்கா, நேரம் வீண் என்று தம்பி ஒருதடவை சொன்னார், இப்போது அவரே கவர் ஒட்டித் தருகிறார். அடுத்த புத்தகத்தையும் தொடங்கிவிட்டேன். படித்துக் காட்ட ஆள் இல்லாதது வலிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன். சத்தமாகப் படித்துவிட்டுப் பதிலுக்குக் காது கொடுக்கிறேன், பக்கத்து வீட்டு மிக்ஸி மட்டும்தான் கேட்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பேரனின் விடுமுறைக்கு வந்து ஆசை தீர இருந்துவிட்டுத் திரும்புவேன். அங்கே எனக்குச் சமையலறை மேசையில் ஒரு ஓரம் போதும், காலையில் மட்டும் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவே மாட்டேன். கேட்டால் உன்னையும் திட்டுவார். நீ அன்றைக்குக் கத்தியது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை, அப்பாவைப் பார்க்க முடியாத பெண் வேறு என்னதான் செய்வாள்? கதவுக்கு உள்ளே நடந்ததைத்தான் எழுதினேன். வெளியே நீ நின்ற நேரம் உன்னுடையது, அதில் நான் கை வைக்கவில்லை. என்றைக்காவது அதைச் சொல்லத் தோன்றினால் எனக்குச் சொல், கோபத்தோடு இருந்தாலும் சரி.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரனுக்கு முத்தம். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், மனம் திடமாக இரு. குளிரில் காதை மூடிக்கொள். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தனியாக இருக்கும்போது படிக்காதே. மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவர் எதுவும் பேசவேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா