பத்தாவது ஆளுக்குக் கண்ணீர் இல்லை

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், உங்கப்பாவோட முட்டியைத் தவிர, அதுவும் மாடிப்படியைக் கண்டா மட்டும்தான் வலிக்குது, டீவி முன்னாடி உட்கார்ந்தா ஒரு வலியும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கீங்களா, பேத்திக்கு இருமல் விட்டுதான்னு எழுது. விடலைன்னா அங்க டாக்டர்கிட்ட காட்டு, போன்ல பார்த்து மருந்து வாங்கிக் கொடுக்காதே, மருந்துக்கடைக்காரி மகள் நீ, அந்த வெட்கமாவது இருக்கட்டும்.

உன் கடிதம் வந்தது. வெள்ளத்துல ஆயிரக்கணக்குல செத்துப்போனாங்கன்னு படிச்சப்போ ஒண்ணுமே தோணலை, ஆனா தண்ணித்தொட்டி மேல கோழியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணை டீவியில பார்த்துட்டு ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன், என் மனசு ஏம்மா இப்படி இருக்குன்னு கேட்டிருந்தே. உன் மனசு மட்டும் இல்லடி, ஊர் மனசே அப்படித்தான் இருக்கு. இங்க அவளுக்குத் தொட்டிப்பாப்பான்னு பேரே வெச்சுட்டாங்க. நம்ம தெருவுல அவளுக்காக அழாத வீடு கிடையாது. பொம்மை வாங்கி அனுப்பினாங்க, கோழிக்குக் கூட யாரோ கூண்டு வாங்கி அனுப்பினாங்க. உங்கப்பா கண்ணைத் துடைச்சுத் துடைச்சு துண்டே நனைஞ்சுபோச்சு. அடுத்த நிமிஷம் டீவியில கீழே ஓடின செய்தியைப் பார்த்து, சாவு எண்ணிக்கை நேத்தைவிட ஏறிடுச்சுன்னு மேட்ச்சுல ஸ்கோர் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், அதான் பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர், கடைக்கு வந்து, அந்தக் குழந்தை முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது மேடம், தூக்கம் வரல, மாத்திரை ஏதாவது கொடுங்கன்னார். டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேன்னு அனுப்பிட்டேன்.

இப்படி உருகினவங்க லட்சணத்தைக் கேளு. அதே வெள்ளத்துல வீடு வாசல் போனவங்களைப் பஸ் பஸ்ஸா ஏத்திக்கிட்டு வந்து நம்ம கடைக்கு எதிர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துல இறக்கினாங்க. தொட்டிப்பாப்பா எந்த ஊரோ, இவங்களும் அதே ஊர்ப்பக்கம்தான். நம்ம தெரு என்ன செஞ்சுதுன்னா கேட்டைச் சாத்திக்கிச்சு. குழாயில தண்ணி குறையுதாம், பசங்க படிப்பு கெடுதாம், கார் நிறுத்த இடம் இல்லையாம். அழுது முடிச்ச கண்ணு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு, அதுக்குள்ள இவங்களை ஊருக்கு வெளியில இருக்கிற பழைய சிமெண்டு குடோனுக்கு மாத்தணும்னு சங்கத்துல கையெழுத்து வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. தூக்க மாத்திரை கேட்டு வந்த அதே மனுஷர்தான் பேனாவை நீட்டினார். நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறதுல கைவேலையா இருக்கேன்னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

அந்தப் பள்ளிக்கூட முகாம்ல இருந்து ஒரு பொம்பளை தினமும் கடைக்கு வருவாள். அவங்க ஊர்ல பஸ் கண்டக்டரா இருந்தவள், குரல் அப்படியே கணீர்னு இருக்கும், நாங்க கண்டக்டரம்மான்னே கூப்பிடுவோம். முகாம்ல சர்க்கரை வியாதிக்காரங்க நிறைய பேர், இன்சுலின் கொடுத்திருக்காங்க, வெச்சுக்க ஃப்ரிட்ஜ் இல்லை, உங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு ஒதுக்குவீங்களான்னு கேட்டாள். ஒதுக்கினேன். குடோன்னா தகரக்கூரை, உள்ளே கரண்ட் இருக்குமோ இருக்காதோ தெரியாது, ஆஸ்பத்திரிக்கு வரவே அரை நாள் ஆகும், நாங்க போனா சில பேர் பிழைக்க மாட்டாங்க மேடம்னு அவள் அமைதியா சொன்னாள். அவளை நான் கடையிலயே ஸ்டூல் போட்டு உட்கார வெச்சேன். வர்றவங்க அவள்கிட்ட பேச்சுக் கொடுத்தாங்க, அவள் புருஷன் தண்ணியோட போன கதையைக் கேட்டாங்க, உச்சுக் கொட்டினாங்க, செயலாளர் பெண்டாட்டி அவள் கையைப் பிடிச்சுக்கிட்டு விசும்பினாள். எனக்கும் ஒரு சபலம், சரி, இவளைக் கூட்டிக்கிட்டு சங்கக் கூட்டத்துக்குப் போனா ஜனங்க மனசு மாறும்னு நினைச்சேன். என்னைச் சொல்லணும்.

கூட்டத்துக்குக் கண்டக்டரம்மா தனியா வரல. முகாம்ல நடக்க முடிஞ்சவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாள். வாசல்ல வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொருத்தரா உள்ளே விட்டாள், ரெண்டு வார்த்தை சொல்லிட்டு இறங்கணும்னு. முதல்ல வந்தவர் கணக்கு வாத்தியார், பெண்டாட்டியோட கை தன் கையிலிருந்து நழுவினதைச் சொன்னார். ஹால் மொத்தமும் அழுதுது. அடுத்து ஒரு முடிவெட்டுறவர், ரெண்டு பசங்களும் போயிட்டாங்க. அதுக்கும் அழுதாங்க. நாலாவது ஆளுக்கு வெறும் தலையசைப்பு. ஏழெட்டு பேர் ஆனதும் நாற்காலிங்க கிறீச்சிட ஆரம்பிச்சுது. பத்தாவதா ஒரு தச்சர் வந்தார், அம்மா, பெண்டாட்டி, மூணு குழந்தைங்க, தம்பி குடும்பம், ஒருத்தர் மிச்சமில்லை. அந்த ஹால்லயே அதிகமா பறிகொடுத்த மனுஷன் அவர்தான். அவர் பேசும்போது டீ வந்துடுச்சு. தட்டை இந்தப் பக்கம் கொடுங்கன்னு சத்தம், செயலாளர் போன்ல விரலைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார், அவர் பெண்டாட்டி என் காதுகிட்ட குனிஞ்சு, புரியுது, எல்லாருக்கும் ஒரே கதைதானே, போதும்னு சொல்லுங்களேன்னாள். ஒரே கதையாம்! அந்தத் தச்சர் செஞ்ச ஒரே தப்பு வரிசையில பின்னாடி நின்னதுதான். முன்னாடி நின்னிருந்தா அவருக்கும் ஒரு கைக்குட்டை நனைஞ்சிருக்கும். நானும் ஒண்ணும் பெரிய மகாத்மா இல்லை, எனக்கும் அந்த நேரத்துல ஒரு கொட்டாவி வந்துது, பல்லைக் கடிச்சு அடக்கினேன்.

கை தூக்கச் சொன்னாங்க, குடோனுக்கே அனுப்பறதுன்னு முடிவாச்சு. நான் திரும்பிப் பார்த்தா உங்கப்பா கையும் மேல இருக்கு. எல்லாரும் தூக்கினாங்க, நான் மட்டும் எப்படிம்மான்னு வீட்டுல வந்து கேட்கிறார். அன்னைக்கிலிருந்து அவர் டீயை அவரேதான் போட்டுக்கிறார்.

கூட்டம் முடிஞ்சதும் செயலாளர் பெண்டாட்டி கண்டக்டரம்மாகிட்ட வந்து, நீ மட்டும் எங்க மாடி ரூம்ல இரு, உன்னைப் பார்த்தா மனசு கேட்கலைன்னாள். கண்டக்டரம்மா, என்னைப் பார்த்து அழுறீங்க, என் பின்னாடி நிக்கறவங்களைப் பார்த்ததும் கண்ணு காஞ்சுபோகுது, நான் உங்க மாடியில இருந்தா இவங்களை நீங்க சுத்தமா மறந்துடுவீங்க, வேண்டாம்மான்னாள். மறுநாள் பஸ் வந்துது. அவள்தான் படியில நின்னு எல்லாரையும் ஏத்தி விட்டாள். தெரு ஜன்னல் எல்லாம் திறந்துச்சு, சில பேர் கையும் ஆட்டினாங்க, டாட்டா காட்டுற மூஞ்சிகளைப் பாரு! நான் கடை ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி, பக்கத்துக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவன் வண்டியில ஃப்ரிட்ஜையே குடோனுக்கு ஏத்தி அனுப்பினேன். அங்க கரண்ட் விட்டு விட்டுத்தான் வருதாம், இருந்தாலும் மருந்து கெடலை. ஒரு பாட்டியை மட்டும் காப்பாத்த முடியலை. டாக்டர் வந்து சேர நேரமாயிடுச்சு. அந்த செய்தியை நான் சங்கத்து போர்டுலயே எழுதி ஒட்டினேன். மழையில நனைஞ்சு போச்சுன்னு மறுநாள் எடுத்துட்டாங்க, அன்னைக்கு மழையே இல்லை.

நீ கேட்டதுக்கு வர்றேன். மனசு ஒரு ஆளுக்குத்தான் இரங்கும், பத்து பேருக்கு இரங்காது, ஆயிரம் பேருக்கு மரக்கட்டையாயிடும். அதைக் கண்ணால பார்த்துட்டேன். அதுக்கு என்ன இப்போ? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு முதல்ல அழுகை வரணுமா? வந்தாத்தான் கொடுப்பேன்னு இருந்தா காலையில வர்ற முதல் நோயாளியோட கடையைச் சாத்த வேண்டியதுதான். மனசு என்னவோ ஜமீன்தார் மாதிரி, அது உத்தரவு போட்டாத்தான் கை அசையும்னு இந்த ஜனங்க உட்கார்ந்திருக்கு. அது தூங்கட்டும்டி. நீ பாத்ரூம்ல போய் அழாதே, உங்க ஆபீஸ்ல பணம் திரட்டி முகாம் மருந்துக்கு அனுப்ப வழி இருக்கான்னு கேளு, அழுகை வருதோ வரலையோ மாசாமாசம் அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல காதை மூடிக்கோ, மாப்பிள்ளையை வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு. உங்க மூணு பேருக்கும் ஒரு குறையும் வராம, நீண்ட ஆயுசோட நல்லா இருங்க. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் போன் பண்ணாதே, வீட்டுல இருக்க மாட்டேன், இனிமே ஞாயிறெல்லாம் குடோன்தான். உங்கப்பாவும் வர்றேன்னு சொல்றார். அழாம வந்தா மருந்துப் பெட்டி தூக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
உன் அம்மா