கரும்பாலையில் நான் குறித்து வைத்தது

12-2-1979, திங்கள்.

நேற்று முனுசாமியின் வலது கை கரும்பாலை உருளைகளுக்குள் போய் நசுங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

காலையில் ஆலை முதலாளி வந்தார். "சார், நீங்க தினம் அங்கதான இருந்தீங்க? அவன் பராக்குப் பாத்துக்கினு கைய வுட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளிக்கு விசாரிக்க பேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

முனுசாமி பராக்குப் பார்க்கவில்லை. இயந்திர வடிவமைப்பில் பொறுப்பு யாருடையது என்ற என் ஆராய்ச்சிக்காக ஒரு மாதமாக அந்த ஆலையை அளந்து நோட்டில் குறித்து வருகிறேன். மாடு கட்டி இழுத்த காலத்தில் ஆள் அலறினால் மாடு நின்றுவிடும். மோட்டார் வைத்தவர்கள் கரும்பைக் கையால் உருளைக்குள் கொடுக்கும் இடத்தை மாற்றவில்லை. சுவிட்சையும் கைக்கு எட்டாமல் பதினொரு அடி தள்ளி வைத்தார்கள். 'இங்கே ஒரு கை போகும்' என்று போன வாரமே எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. கட்டுரைக்கு நல்ல உதாரணம் என்று அடிக்கோடு போட்டேன்.

மாலையில் முனுசாமியின் மனைவி கன்னியம்மா வந்தாள்.

"ஐயா, அவரு மேல தப்புன்னா நஷ்டஈடு இல்லியாம். அங்க குந்திக்கினு எழுதினீங்களே, அந்த நோட்டக் குடுங்க."

"அது ஆராய்ச்சிம்மா. உனக்குப் புரியாது."

"எனக்கு இன்னாத்துக்குப் புரியணும்? இன்ஸ்பெக்டருக்குப் புரிஞ்சா போதும்."

யோசிக்கிறேன் என்றேன். அவள் போய்விட்டாள்.

நாளை நோட்டை எடுத்துக்கொண்டு போவேன் என்று இங்கே எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறேன்.