ஏழாவது ஃப்ரெட்டில் பள்ளம்

மே 12, திங்கள்

புதுச்சேரியில் கிடாரைக் காட்டினேன். பழுது பார்ப்பவர் தந்திகளுக்கு அடியில் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட்டுகளைத் தடவிவிட்டு, "தினம் வாசிச்சாலே இப்படித் தேய நாலு வருஷம் ஆகுங்க. மாத்தித்தான் ஆகணும்" என்றார். வாங்கி இரண்டு வருடம்தான். ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் எடுக்கிறேன். வேலை பிடிக்கப் பார்க்கிறாரோ?

உப்புக்காற்றா என்று கேட்டேன்.

"உப்புக்காத்துல பச்சை பூக்கும், பள்ளம் விழாதுங்க."

பள்ளம் ஏழாவது ஃப்ரெட்டில். நான் மூன்றைத் தாண்டியதே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "உங்க கிடாரை யாரு தொடறா?" என்றாள். ஆனால் உப்பளத்திலிருந்து மதியமே வந்துவிடுகிறாள். நான் வர ஆறாகிறது.

உப்பு வாரும் கை. தந்தியை அழுத்தி அழுத்தி இடக்கை விரல்நுனிதான் காய்க்கும். இவளுக்குப் பத்து விரலும் காய்த்திருக்கிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சோறு போடும்போது நகங்களைப் பார்த்தேன். இடக்கையில் மட்டும் ஒட்ட வெட்டியிருக்கிறாள்.